பிமலா ஓட்டுப் போடப் போன கதை

போன மாதம் ஒரு காலை, டீ குடிக்கலாம் என்று என் தம்பி சேகரின் மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். அடுப்படியில் சத்தமே இல்லை.

மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ஓரமாக, உப்பளங்களைப் பார்த்தபடி நிற்கும் மெஸ் அது. பாண்டிச்சேரிக்குப் போகிற பாதிக் கார்கள் அங்கே நின்றுதான் போகும். அந்த அடுப்படியில் சத்தம் இல்லையென்றால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். கேஸ் தீர்ந்திருக்க வேண்டும். அல்லது தீபக்கும் பிமலாவும் சண்டை போட்டிருக்க வேண்டும்.

கேஸ் இருந்தது.

இருவரும் புருஷன் பெண்டாட்டி. நேபாளத்துக்காரர்கள். பால்பா என்ற மலை மாவட்டத்தில் ஏதோ ஒரு கிராமம். தீபக் ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்கிறான். பிமலா காய் நறுக்குவாள், இலை போடுவாள், பரிமாறுவாள், சேகர் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தால் கூப்பிட்டுத் திருத்துவாள். இங்கே வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டதால் தமிழ் நன்றாகவே பேசுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்குத்தான் ‘பிமலா’ வாயில் வரவில்லை. எல்லோருக்கும் அவள் விமலாதான். முதலில் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இப்போது யாராவது ‘பிமலா’ என்று சரியாகக் கூப்பிட்டால், ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறதோ என்று வாசலை எட்டிப் பார்க்கிறாள்.

என்ன சண்டை என்று சேகரிடம் கேட்டேன்.

“எலக்‌ஷன் அக்கா” என்றான்.

எந்த எலக்‌ஷன்? நமக்குத்தான் இப்போது எதுவும் இல்லையே... சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, யாரும் நம்மைப் பார்த்துக் கும்பிடவும் இல்லை.

“நம்மளது இல்ல. அவங்க ஊர்ல. பார்லிமென்ட் எலக்‌ஷன்.”

விஷயம் இதுதான். நேபாளத்தில் புதிதாக ஓர் அரசியல் சாசனம் எழுதியிருக்கிறார்கள். பல வருஷம் பேசி, சண்டை போட்டு, தள்ளிப்போட்டு, ஒருவழியாக முடித்தது. அது வந்த பிறகு நடக்கும் முதல் நாடாளுமன்றத் தேர்தல். வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டுப் போட வசதி கிடையாது. நேரில் போக வேண்டும். மரக்காணத்திலிருந்து பால்பாவுக்கு.

போகலாம்தான். ஆனால் சேகர் ஒரே நிபந்தனை போட்டுவிட்டான். ஒருவர்தான் போகலாம். இரண்டு பேரும் போய்விட்டால் சனி, ஞாயிறு கூட்டத்தை யார் சமாளிப்பது?

சரி, யார் போவது?

தீபக்குக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. அவன்தான். அவனுக்கு பூத் தெரியும், வழி தெரியும், கட்சிக்காரர்களைத் தெரியும். இதை அவன் சேகரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பிமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நறுக்குவதை நிறுத்தவே இல்லை. நான் போனபோது அன்றைய சமையலுக்கும் மறுநாள் சமையலுக்கும் போக, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கும் ஆகிற அளவு வெங்காயம் மேஜையில் குவிந்திருந்தது.

நான் உட்கார்ந்ததும் அவளே வாயைத் திறந்தாள்.

“அவரு ஏற்கனவே ஓட்டு போட்டிருக்காரு அக்கா. நான் ஒரு தடவகூட போட்டதில்ல.”

பிறந்த ஊரில் கல்யாணத்துக்கு முன்பு அவள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறவே இல்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு பிழைப்புக்காக இங்கே வந்தாயிற்று. போன முறை ஊருக்குப் போனபோதுதான் வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, விரல் ரேகை வைத்துப் பதிந்துவிட்டு வந்திருக்கிறாள். அதிலும் அவள் அக்காவின் தூண்டுதல்தான் அதிகம். அந்த அக்கா சும்மா இல்லை. புது சாசனப்படி உள்ளாட்சியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று, ஜெயித்து, வார்டு மெம்பர் ஆகியிருக்கிறாள். போன வருஷம் வரை ஆடு மேய்த்தவள் இன்றைக்கு ரோடு போடுகிற விஷயமாக இன்ஜினியரோடு வாதாடுகிறாளாம். நாடாளுமன்றத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருந்தே தீர வேண்டும் என்று அந்தச் சாசனத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பிமலா சொன்னாள்.

மூன்றில் ஒரு பங்கு. நான் மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. பெருமூச்சை நீங்களே விட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சண்டைக்குக் காரணம் அதுவும் இல்லை. தீபக்கின் வீடு ஒரு கட்சி. பிமலாவின் அக்கா எதிர்க்கட்சி. என்னென்ன கட்சி, என்னென்ன சின்னம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் அதே மாதிரி சின்னம் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்து கோபித்துக்கொள்வார்கள்.

தீபக் கடைசியில் ஒரு சமாதானத் திட்டத்தை முன்வைத்தான். நான் போனால் என் கட்சிக்குப் போடுவேன். நீ போனால் உன் அக்கா கட்சிக்குப் போடுவாய். ஆக, இரண்டு பேரும் போனாலும் இரண்டு ஓட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். அதற்கு எதற்கு ரயில், பஸ், அலைச்சல்? இரண்டு பேரும் பேசாமல் இங்கேயே இருந்துவிடுவோம்... ரிசல்ட் ஒன்றுதான்.

சேகரின் முகம் பளிச்சென்று ஆனதைப் பார்க்க வேண்டுமே. அவனுக்கு இரண்டு ஆளும் கையைவிட்டுப் போகவில்லை. “சரியாத்தானே சொல்றான்” என்று என்னைப் பார்த்தான்.

பிமலா கத்தியைக் கீழே வைத்தாள்.

“கழிச்சுக்கறதுக்கா நான் வரிசையில நின்னு பேரு எழுதினேன்?”

நான் டீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தீபக் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். மழைக்காலம். உப்பளத்துப் பாத்திகளெல்லாம் தண்ணீர் நிரம்பி ஒரே ஏரியாகக் கிடந்தன. அந்தத் தண்ணீரில் அவனுக்கு என்ன தெரிந்ததோ, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, “சரி, நீயே போ” என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னான். உடனே ஒரு கோரிக்கையும் வைத்தான். போடுவதுதான் போடுகிறாய், எங்கள் கட்சிக்கே போட்டுவிடு.

“பாக்கலாம்” என்றாள் பிமலா.

அரசியல்வாதிகள்கூட இவ்வளவு சுருக்கமாக வாக்குறுதி தந்து நான் பார்த்ததில்லை.

டிக்கெட் எடுத்த அன்றுதான் புதுப் பிரச்னை ஒன்று தெரியவந்தது. அங்கே நம்மைப் போல மிஷின் கிடையாது. பேப்பர் ஓட்டு. முத்திரையை மையில் ஒற்றி, சின்னத்துக்கு நேரே குத்த வேண்டும். கோட்டைத் தாண்டிக் குத்தினால் செல்லாது. இரண்டில் குத்தினால் செல்லாது. மை காய்வதற்குள் தப்பாக மடித்து இன்னொரு சின்னத்தில் ஒட்டிக்கொண்டால் அதுவும் தகராறு. அவ்வளவு தூரம் போய்ச் செல்லாத ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் என்ன ஆவது என்று பிமலாவுக்குக் கவலை வந்துவிட்டது.

இங்கேதான் என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார். மிஷின் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து எத்தனையோ தேர்தல்களில் டியூட்டி பார்த்தவர். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் அவர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை. மெஸ்ஸில் ஒரு பெண் முத்திரை குத்தக் கற்றுக்கொள்ள விரும்புகிறாள் என்று தெரிந்ததும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாதிரித் தேர்தல் நடந்தது. ஒரு தாளில் இட்லி, தோசை, பரோட்டா, பொங்கல் என்று நான்கு கட்டம். படம் வரைந்தது நான். இட்லிக்கும் பரோட்டாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் வந்ததால் பரோட்டாவுக்குள் சுருள் சுருளாகக் கோடு போட்டேன். முத்திரைக்கு, சேகர் பார்சல் கவர்களில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப். பெட்டிக்கு, கழுவிய சாம்பார் வாளி. மறைவுக்கு, நாலு தண்ணீர் கேன்.

வாக்காளர்களுக்குப் பஞ்சமில்லை. மழையில் உப்பள வேலை நின்று போனதால் முருகேசன் அண்ணன் முதற்கொண்டு நாலைந்து பேர் மெஸ்ஸில்தான் இருந்தார்கள். முருகேசன் அண்ணன் முதல் ஆளாகப் போய், இட்லிக்கும் தோசைக்கும் நடுக்கோட்டில் பலமாக ஒரு குத்துக் குத்தினார். செல்லாது என்றார் என் வீட்டுக்காரர். “ஏம்பா, மாவு ஒண்ணுதானே” என்று அண்ணன் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். அடுத்து யாசின் பாய். கூனிமேட்டில் மீன் வியாபாரம். மெஸ்ஸுக்கு மீன் போடுகிறவர். அவர் நிதானமாக நான்கு கட்டத்திலும் குத்தி எடுத்துக்கொண்டு வந்தார். நாலும் சாப்பிடுகிறேன், ஒன்றை மட்டும் எப்படி மனசு நோகடிப்பது என்று கேட்டார்.

பிமலா தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் போனாள். நேரம் எடுத்துக்கொண்டாள். நெடுக்குவாட்டில் ஒரே மடிப்பாக மடித்து வாளியில் போட்டுவிட்டு வந்தாள். அப்படியும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பரிமாறுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பழைய பில்களில் ஸ்டாம்ப் குத்திக்கொண்டே இருந்தாள்.

யாசின் பாய் மட்டும் அன்றைக்கு டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் துபாயில் இருக்கிறான். கோட்டக்குப்பத்து மாப்பிள்ளையும் அங்கேதான்.

“நம்ம பசங்களுக்கும் இதே கததான் தங்கச்சி. நேர்ல வந்தாத்தான் ஓட்டு. ஆனா அதுக்குன்னே டிக்கெட் போட்டு வந்தவன நான் பாத்ததில்ல. இந்தப் பொண்ணு போவுது பாருங்க” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நமக்கு அரசியல் சாசனம் என்றால் பள்ளிக்கூடத்தில் அஞ்சு மார்க் கேள்வி. நாம் பிறப்பதற்கு முன்பே வீட்டில் இருக்கிற பீரோ மாதிரி. திறந்து பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும் என்ற தைரியம். அவர்களுக்கு அது இப்போதுதான் வந்து இறங்கிய சாமான்... சுற்றி வந்த பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. திறந்து பார்க்கிற ஆசை இருக்காதா?

பிமலா கிளம்பினாள். தனியாக அவ்வளவு தூரம் போவது அவளுக்கு முதல் முறை. தீபக் சென்னை வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தான். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து எல்லைக்கு பஸ், எல்லையைத் தாண்டி மலைக்கு ஜீப். இதில் ஒரு சிக்கல். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பே இரண்டு பக்கமும் எல்லையை மூடிவிடுவார்கள். அதற்குள் தாண்டியாக வேண்டும். கணக்குப்படி ஒரு நாள் முழுசாகக் கையில் இருந்தது.

கணக்கில் பனியைச் சேர்க்கவில்லை.

வடக்கே போகப் போக மூடுபனி. ரயில் நின்று நின்று போனது. இங்கே மெஸ்ஸில் சேகர் போனை ஸ்பீக்கரில் போட்டு கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டான். வருகிறவர்கள் எல்லாம் “எங்க இருக்குது வண்டி?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அந்த வாரம் முருகேசன் அண்ணன் கற்றுக்கொண்ட உத்தரப் பிரதேச ஸ்டேஷன் பெயர்கள் எனக்கு இன்னும் தெரியாது.

கையில் இருந்த ஒரு நாள் அரை நாளாகி, அரை நாளும் கரைந்தது. தீபக்கின் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் கரண்டி. ஃப்ரைட் ரைஸில் உப்பு தூக்கலாக விழுந்துகொண்டே இருந்தது. மரக்காணத்து ஆட்களே “கரிக்குதுப்பா” என்று தட்டைத் தள்ளுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லை மூடுகிற அன்று மதியம் கடைசியாக ஒரு கால் வந்தது. கோரக்பூரில் பஸ் ஏறிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போகிறேன் என்றாள். பிறகு ‘ஸ்விட்ச்டு ஆஃப்’.

சாயங்காலம் முழுக்க ‘ஸ்விட்ச்டு ஆஃப்’. மறுநாள் காலையும் அதே. தாண்டினாளா? எல்லை ஊரில் மாட்டிக்கொண்டாளா? தனியாக எங்கே தங்குவாள்? தீபக் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். சேகரும் கேட்கவில்லை... கவுன்ட்டரில் ‘இன்று ஃப்ரைட் ரைஸ் இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டான். ஒருவரைத்தான் அனுப்புவேன் என்று நான்தானே சொன்னேன், இரண்டு பேரையும் அனுப்பியிருந்தால் துணைக்காவது இருந்திருப்பான் என்று என்னிடம் மட்டும் முனகினான்.

யாசின் பாய் மீன் பெட்டியை இறக்கிவிட்டுப் போகாமல், தீபக் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் தடவை துபாய் போன மகன் நாலு நாள் போன் பண்ணாமல் இருந்த கதையைச் சொன்னார். அங்கே இறங்கியதும் வேறு சிம் வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லையாம். வீட்டில் எல்லோரும் சாப்பிடாமல் கிடக்க, அவன் ரூமில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

“எல்லையத் தாண்டினா நம்ம சிம்மு அங்க வேலை செய்யாது தம்பி. அதான் ஆஃப்னு வருது. நல்ல சேதிதான் அது” என்றார்.

தீபக்குக்கு அது தெரியாதா? அவன் எத்தனை முறை போய் வந்தவன். ஆனால் பயத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்த விஷயத்தையே இன்னொருவர் சொன்னால்தான் நம்பிக்கை வருகிறது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

மதியத்துக்கு மேல் போன் வந்தது. தீபக்கின் அப்பா நம்பரிலிருந்து. பேசியது பிமலா. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

நடந்ததை அவள் திரும்பி வந்த பிறகு என்னிடம் விவரமாகச் சொன்னாள். எல்லைக்கு அவள் போனபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கேட்டை இழுத்துச் சாத்துகிற நேரம். அந்தப் பக்கம் போக வேண்டிய கூட்டம் ரோடு முழுக்க நின்றிருக்கிறது. ஒரு போலீஸ்காரர், பெண்கள் தனியாக இந்த நேரத்தில் போக வேண்டாம், இங்கேயே தங்கிவிட்டு நாளைக்குப் போங்கள் என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார்.

“நாளைக்கு கேட்டு திறக்குமான்னு கேட்டேன் அக்கா. திறக்காதுன்னாரு. அப்ப இன்னிக்கே போறேன்னு சொன்னேன்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். அவள் பின்னாலேயே இன்னும் சில பெண்களும் நுழைந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் மலைக்குப் போகிற வண்டி எதுவும் இல்லை. அந்தப் பெண்களோடு சேர்ந்து ஒரு விடுதியில் தங்கி, விடிந்ததும் கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறாள். போனில் சார்ஜும் இல்லை, சிம்மும் வேலை செய்யவில்லை. நாங்கள் இங்கே பட்ட பாட்டைச் சொன்னபோது, “நான்தான் வந்துடுவேன்னு சொன்னேனே” என்று ஆச்சரியப்பட்டாள்.

தேர்தல் அன்று அங்கே வண்டிகள் ஓடக் கூடாதாம். எல்லோரும் நடைதான். மலையில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, மறுபடி ஏறினால் பள்ளிக்கூடம். அதுதான் பூத். மாமனார் முன்னால், மாமியாரும் மருமகளும் பின்னால். மாமனார் தீவிரமான கட்சிக்காரர். வழி நெடுக, எந்தச் சின்னம் எத்தனையாவது வரிசையில் இருக்கும் என்று பாடம் எடுத்துக்கொண்டே போயிருக்கிறார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக்கூட அவர் இவ்வளவு பொறுமையாக வந்ததில்லை என்று மாமியார் சொல்லிச் சிரித்தாளாம்.

பெண்கள் வரிசை நீளம். உள்ளே போனால், ஒரு தாள் அல்ல. வேட்பாளருக்குத் தனியாக, கட்சிக்குத் தனியாக என்று ஒன்றுக்கு மேற்பட்ட தாள்கள். அதில் ஒன்று தோளில் போடுகிற துண்டு அகலத்துக்கு இருந்ததாம். அவ்வளவு சின்னங்கள். முத்திரையை மையில் ஒற்றி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மாவே நின்றிருக்கிறாள். பின்னால் யாரும் இல்லை. முன்னால் யாரும் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமனார், அவளுடைய அக்கா, தீபக், கட்சிகள், ஊர்... எல்லாம் இருக்கிறது. இந்தப் பக்கம் அவள் மட்டும்.

“அவ்வளவு நேரம் நான் தனியா நின்னதே இல்ல அக்கா. வீட்லயும் இல்ல, இங்கயும் இல்ல” என்றாள்.

குத்தினாள். மை காயும்வரை ஊதினாள். மடித்தாள். போட்டாள்.

வெளியே வந்ததும் மாமனார் ஓடி வந்திருக்கிறார். போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு. சரியாக் குத்தினியா? சரியாத்தான் குத்தினேன். எதுல குத்தின?

“கட்டத்துக்குள்ளதான் மாமா.”

அவர் அதற்கு மேல் என்ன கேட்பார்? சந்தோஷமாக மகனுக்குப் போன் போட்டு, மருமகள் நம் கட்சிக்குப் போட்டுவிட்டாள், அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அதே சாயங்காலம் பிமலாவின் அக்கா அவனுக்குப் போன் போட்டு, தங்கச்சி எங்கள் கட்சிக்குத்தான் போட்டிருக்கிறாள், அவள் குரலைக் கேட்டாலே தெரிகிறது என்று சொன்னாள். தீபக் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு, ஃப்ரைட் ரைஸ் கவுன்ட்டரில் பிரமை பிடித்த மாதிரி நின்றான்.

போன வாரம் பிமலா திரும்பி வந்தாள். மெஸ்ஸில் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றோம். முருகேசன் அண்ணன் அவள் கட்டை விரல் மையை உற்றுப் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஆள்காட்டி விரலில் அல்லவா வைப்பார்கள், ஏமாற்றிவிட்டார்களா என்று சந்தேகப்பட்டார். அங்கே கட்டை விரல்தான் என்று அவள் விளக்க வேண்டியதாயிற்று.

தீபக் ஒரு நாள் பொறுத்தான். இரண்டாம் நாள் ஆரம்பித்தான். காலையில் அவளுக்கு அவனே டீ போட்டுக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் கடற்கரைக்கு அழைத்துப் போனான். வெங்காயத்தை அவன் நறுக்கினான். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரே கேள்விதான். அவளும் சிரித்தபடி ஒரே பதில்தான் சொல்கிறாள். அது ரகசியம். கடைசியில் அவன் என் வீட்டுக்காரரிடம் வந்து சட்ட ஆலோசனை கேட்டான். புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாதா சார்? சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, உலகத்தில் எந்தச் சாசனத்திலும் புருஷனுக்கென்று தனிச் சலுகை கிடையாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறீர்களா? அது செய்தித்தாளில் வந்துவிட்டது. நான் கவனித்தது வேறு.

முன்பெல்லாம் சேகர் எது கேட்டாலும் இருவருக்கும் சேர்த்து தீபக்கே பதில் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை கூடுதலா வேலை பார்ப்பீங்களா? பார்ப்போம். பொங்கலுக்கு இங்கேயே இருப்பீங்களா? இருப்போம். முந்தாநாள் சேகர் அதே மாதிரி ஏதோ கேட்டான். தீபக் வாயைத் திறந்தான். மூடினான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அவளக் கேளுங்கண்ணே. அவ என்ன நினைக்கிறான்னு எனக்குத் தெரியாது” என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் மரியாதையாகவே சொன்னான். சேகர் திரும்பி, அநேகமாக முதல் முறையாக, பிமலாவை நேராகப் பார்த்துக் கேட்டான். அவள் பொங்கலுக்கு இருக்கிறேன், ஆனால் இனிமேல் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேருக்கும் லீவு வேண்டும் என்றாள். செவ்வாய்க்கிழமை கிடைத்துவிட்டது. ஒரு பெண்ணின் மனசில் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் போவதில் வீட்டுக்கு எவ்வளவு நன்மை இருக்கிறது பாருங்கள்.

ஆனாலும் எனக்கும் ஆர்வம் விடுமா? நேற்று மதியம் இரண்டு பேருமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் யாருமில்லை. பத்திரிகைக்கு நான் எழுதுகிற பத்தியில் போட மாட்டேன், எனக்கு மட்டும் சொல், யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

பிமலா ஒரு பல் பூண்டை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“நீங்க போன எலக்‌ஷன்ல யாருக்கு போட்டீங்க அக்கா? வீட்ல சார்கிட்ட சொன்னதுதானா?”

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். அதே நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் குடையை மடக்கியபடி மெஸ்ஸுக்குள் நுழைந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன பேச்சு என்று கேட்டார். பூண்டு விலை ஏறிவிட்டது என்று சொன்னேன். பிமலா குனிந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

என் பத்தியை அவர் முழுக்கப் படிப்பதில்லை, கடைசி வரியை மட்டும்தான் படிப்பார், எனவே அவருக்காக:

எங்கள் வீட்டு ஓட்டு இரண்டும் எப்போதும் ஒரே கட்சிக்குத்தான்.